தெரிவு ஒன்று

எந்தக் கொள்கைப் பகுப்பாய்விலும்
முதல் தெரிவு இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்கிறார் கலாநிதி:
எதுவும் செய்யாதிருத்தல்.
மற்றத் தெரிவுகளை அதன் பக்கத்தில் நிறுத்தித்தான் அளப்பது.
பலகையில் பச்சை மையால் எழுதி
அடிக்கோடும் இடுகிறார்.

நான் அதற்குள் பிறந்தவள்.
பத்தடிக்குப் பன்னிரண்டடி.
தகரத்தின் மேல் கல், கல்லுக்குப் பக்கத்தில் பழைய டயர்.
சொல்லவில்லை.
குறிப்பெடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் நோர்வூட்டில்
மூன்றே முக்காலுக்கு பஸ் ஏறினால்
கினிகத்தேனை வளைவுகளில் அரைக் கட்டுரை வாசிப்பும்
கொஞ்சம் வாந்தியும்.
கலஹா சந்தியில் இறங்கும்போது விடிந்திருக்கும்.

முதல் வாரமே ஒரு படிவம் தந்தார்கள்,
மாணவர் பன்மைத்துவம் பற்றிய கணிப்பீடு.
இனம்: ஒன்றுக்கு மட்டும் புள்ளடி இடுக.
'இந்தியத் தமிழர்' என்ற கட்டம்
மற்றக் கட்டங்களைவிடச் சின்னதில்லை.
அளந்து பார்த்தேன்.
கடவுச்சீட்டே எடுத்திராத எனக்கு
இந்தியா அரை சென்றிமீற்றர்ச் சதுரம்.

வவுனியா ஆரணி எட்டிப் பார்த்து
"நாங்கள் ஒரே கட்டம் இல்லையா?" என்றாள்,
பிறகு பேனாவை மூடிக்கொண்டாள்.
அக்குறணை ஷிப்லி சுங்கத் திணைக்களம்,
எந்தப் படிவத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவான்.
வெள்ளைத் துணி விரித்த கதிரையில் தேரர்;
எக்செல் தாளில் அவரை மிஞ்ச ஆளில்லை.
இருபத்தாறு பேர்.
பீடத்தின் அறிக்கையில் நாங்கள்
நல்லதொரு வட்ட வரைபு.

ஆறாவது வாரம் குழு வேலை.
மண்சரிவு அபாயம் என்று சிவப்புக் குறியிட்ட தோட்டப் பிரிவு,
எண்பத்து நான்கு குடும்பங்கள்.
பெயரை மறைத்திருந்தார்கள்.
அந்த எண்பத்து நான்கில்
எழுபத்தொன்பதாவது எங்கள் கதவு.

அளவுகோல்களுக்கு நிறை கொடுங்கள்:
செலவு, வினைத்திறன், சமத்துவம், அரசியல் சாத்தியம்.
கூட்டினால் ஒன்று வரவேண்டும்.

சமத்துவத்துக்குப் பூச்சியம் தசம் இரண்டு என்றான் ஷிப்லி.
இரண்டரையாக்கு என்றாள் ஆரணி, கீரை பேரம் பேசுவது போல.
"செலவு என்றால் யாருடைய செலவு?"
தேரர் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார்.
மூன்று மொழியும் முட்டிக்கொண்டு
கடைசியில் ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்தோம்,
வாடகை மண்டபத்தில் கலியாணம் வைப்பது போல.

உதுலா மட்டும் பேசவில்லை.
நுவரெலியா காணி அலுவலகம். எப்போதும் முன்வரிசை.

இடைவேளையில், கன்டீன் படியில்,
"அக்கா" என்றாள்,
இரண்டு மொழியிலும் திருத்தம் தேவைப்படாத சொல்.
பிறகு பதவியுயர்வுப் பரீட்சைக்குப் படித்த தமிழில்:
"அந்தக் கோப்பு என் அலுமாரியில் இருக்கு.
இரண்டு வருஷம், மூன்று மாதம்.
யாரும் கேட்டு எழுதவில்லை."

எழுதினேன்.
பிரதேச செயலகத்தின் மூன்று நினைவூட்டல்களும்
நான் தட்டச்சு செய்தவை.

"தமிழிலா?"

தமிழில்தான். சட்டப்படி சரி.

"அதெல்லாம் வேற தட்டு, அக்கா.
மொழிபெயர்ப்பாளர் போனார். இன்னும் ஆள் போடல."

கோபம் வரவேண்டிய இடம் என்று தெரிந்தது.
இஞ்சித் தேநீர் நாக்கைச் சுட்டது.
அமுலாக்கல் இடைவெளி,
நாலு வாரமாகக் கேட்ட சொல்,
அவளுக்கும் எனக்கும் நடுவே
ஒரு படி உயரத்தில் குந்தியிருந்தது.

திரும்பி வந்து சமத்துவத்துக்கு
பூச்சியம் தசம் நான்கு போடச் சொன்னாள் உதுலா.
ஏன் என்று யார் கேட்டும் சொல்லவில்லை. நானும்.
பி பிளஸ்.
'நிறைகளுக்கான நியாயம் போதாது' என்று
ஓரத்தில் பச்சை மை.

திங்கட்கிழமை பத்தே காலுக்கு
தொலைபேசியில் ஒரு படம் வந்தது:
மேசைமேல் திறந்த கோப்பு, என் இரண்டாவது கடிதம்,
வரிகளுக்கு மேலே பென்சிலில் சிங்களம்.
ஒரு சொல்லைச் சுற்றி வட்டம்.
இது என்ன, அக்கா?

வெடிப்பு.

சிங்களத்தில் அதற்கு என்ன என்று
பக்கத்து மேசையில் கேட்டு எழுதினேன்.
பிறகு, கேட்காமலே,
சுவரில் என்று.
அடுப்புக்குப் பின்னால் என்று.
விரல் நுழையும் என்று.